இரண்டாவது மூடி

கடைக்குள் வந்த அம்மாள் அளவு கொடுக்க வரவில்லை என்பது தையற்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கையில் துணி இல்லை. தொங்கவிட்டிருந்த சட்டைகளில் ஒன்றையாவது தொட்டுப் பார்க்கவும் இல்லை. அவர் கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்கம்மா," என்றார்.

"சர்வேயர்னு ஒருத்தர் இங்க இருப்பாருன்னு சொன்னாங்க."

"அந்த ஸ்டூலை விட்டு எழுந்திரிச்சாத்தானே அவர் இல்லாம இருக்க," என்று தையற்காரர் மூலையைக் காட்டினார்.

மூலையில் ஒரு ஒல்லியான மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, தானாக மோதியதா, வேண்டுமென்றே மோத விட்டார்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் தையற்கடையே கதி என்று கிடந்தார். அவரும் தையற்காரரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒருவரை ஒருவர் சகலை என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வேயர் வாயைத் திறக்க யோசிப்பார். தையற்காரருக்கு வாய் திறந்தால் மூடாது. இப்படி ஒரு ஜோடியிடம் ஊர் வம்பெல்லாம் வந்து சேருவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த அம்மாள் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஒரே தம்பி. மெக்கானிக். அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் நிக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் தப்பை ஒத்துக்கணுமாம். இல்லைன்னா புகார். நான் தம்பியோட பேசினா வீட்டுக்குள்ள வரக்கூடாதாம்."

"அப்படி என்ன பண்ணிட்டார் உங்க தம்பி?"

"எங்க வேனோட பெட்ரோல் டேங்க்ல தண்ணியை ஊத்திட்டான்னு சொல்றார்."

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அவள் கணவர் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று பெயர் எடுத்தவர். ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தைப் போட்டு, படுக்கையும் அடுப்பும் கை கழுவும் தொட்டியும் வைத்த ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கினார். பேத்தியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை குழந்தையை மகள் கொண்டுவந்து விடுவாள். அந்த நேரம் பார்த்து பெட்ரோல் டேங்க் ஒழுக ஆரம்பித்தது. தம்பி வந்து பார்த்தான். டேங்கைக் கழற்றித்தான் பற்ற வைக்க முடியும், புதன்கிழமை வீட்டுக்கே வந்து பெட்ரோலை வடித்துவிட்டுக் கழற்றிக்கொள்கிறேன் என்றான். புதன்கிழமை அடியில் இருந்த திருகைத் திறந்தால் கேன் கேனாகத் தண்ணீர் கொட்டியது.

"மூடியில பூட்டு இருக்கு. பூட்டு உடையலை. சாவி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு இவர் இடுப்புல. இன்னொண்ணு தம்பிகிட்ட. தம்பி வேற, 'இந்த வயசுல உங்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம் அத்தான்'னு ஒரு மாசமா நச்சரிச்சுட்டு இருந்தான். இவருக்கு வேற என்ன தோணும்?"

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் சர்வேயர்.

"என் தம்பி அப்படிச் செய்யமாட்டான். என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார். ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்னுதான் தெரியலை." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேர்ல ஒருத்தரை விட்டுடுன்னா நான் யாரை விடுவேன்?"

சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுக்காரருக்கு இப்போ பொழுது எப்படிப் போகுது?"

"வேனைச் சுத்தி வருவார். காலையில நான் பேப்பர் படிச்சுக் காட்டணும். லைப்ரரியில வேலை பார்த்தவ, வாய்விட்டுப் படிக்கறது எனக்குப் பழக்கம். உன் குரல்ல கேட்டாத்தான் செய்தி செய்தியா இருக்குன்னு ஒரு வருஷமா இந்தக் கூத்து. இந்த வயசுல." வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே மறைந்தும் போனது.

அவள் போனதும் தையற்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். "தம்பிதான், சகலை. சாவி அவன்கிட்ட இருக்கு. வேற யாரு?"

"கடையைப் பூட்டுங்க. வேனைப் பார்த்துட்டு வருவோம்."

வீட்டு வாசலுக்குள் நுழையும்போதே பெட்ரோல் நெடி முகத்தில் அடித்தது. பல நாள் சொட்டிச் சொட்டித் தரையே ஊறிப்போயிருந்தது. கேட்டை ஒட்டி ஒரு தண்ணீர்க்குழாய். அதில் சுருட்டி மாட்டிய ரப்பர் ஹோஸ். நீளவாக்கில் இருந்த முற்றத்தில் வேன் மூக்கை உள்சுவர்ப் பக்கம் வைத்து, பின்புறத்தைக் கேட்டுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

டிரைவர் ஆறடி உயரம். வந்தவர்கள் யார் என்று மனைவி சொன்னதும், "துப்பறிய என்ன இருக்கு? மச்சான் கையும் களவுமா மாட்டிட்டான்," என்றார். பக்கத்தில் வந்து நின்றபோது அவர் பார்வை தையற்காரரின் முகத்தில் படாமல், காதோரமாக எங்கோ பார்த்தது. முகத்தைப் பார்த்துப் பேசாத ஆள் என்று தையற்காரர் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டார்.

சர்வேயர் குனிந்து வேனின் பின்பக்கத்துக்கு அடியில் பார்த்தார். கேட்டை ஒட்டினாற்போல் தரையில் ஒரு பெரிய ஆயில் கறை, நாள்பட்டுக் கெட்டியாகப் படிந்தது. "எஞ்சின் முன்னாலதானே இருக்கு?"

"முன்னாலதான். நான் எப்பவும் பின்பக்கமா ஏத்தித்தான் நிறுத்துவேன். மூக்கு கேட்டைப் பார்த்து இருக்கணும். டிப்போவில அதுதான் முறை, வண்டி எப்பவும் புறப்படத் தயாரா நிக்கணும். போன வாரம் உள்ள இருக்கற தண்ணிக்குழாயைச் சரிபண்ணி, ஒர்க்ஷாப்புல இருந்து மச்சான் கொண்டுவந்து தலைகீழா விட்டுட்டான். அதுக்கே நாலு வாங்கிக் கட்டிக்கிட்டான்."

வேன்மேல் புழுதி மாவு மாதிரி படிந்திருந்தது. வலது பக்கவாட்டில் இரண்டு மூடிகள். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது நீலம். கொஞ்சம் தள்ளி, முன்சக்கரத்துப் பக்கம் இருந்தது சிவப்பு.

"சிவப்பு பெட்ரோல். நீலம் குடிதண்ணி. மச்சான்தான் பெயிண்ட் அடிச்சான். ஒரே சாவி ரெண்டையும் திறக்கும்," என்றார் டிரைவர்.

தையற்காரருக்குக் கண்ணில் பட்டது வேறு ஒன்று. வேனின் பின்மூலையிலிருந்து இடுப்பு உயரத்தில், புழுதியைத் துடைத்துக்கொண்டு ஒரு உள்ளங்கைத் தடம் நேராக ஓடியது. நீல மூடியைத் தாண்டி, சிவப்பு மூடியில் போய் நின்றது. அவர் சகலையின் சட்டையை இழுத்து ஓரமாகக் கூட்டிப் போனார். "பார்த்தீங்களா? இருட்டுல தடவிக்கிட்டே வந்திருக்கான். ராத்திரி வேலை."

"தடவிக்கிட்டு வந்தது வாஸ்தவம்," என்றார் சர்வேயர்.

அவர் மறுபக்கம் போய் வேனின் இடது விலாவில் விரலை ஓட்டினார். நீளமாக ஒரு சிராய்ப்பு, புதிது. கேட்டுத் தூணிலும் அதே உயரத்தில் வேனின் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மதில்மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர், அவர் பக்கம் மதில் நெடுகப் பூந்தொட்டிகள். "என்னையும் விசாரிப்பீங்களா?" என்று அவரே ஆரம்பித்தார். "இந்த வேன் என் செடிக்கு வர்ற வெயிலை எல்லாம் மறைக்குது. நாத்தம் வேற. ஒருநாள் ஹோஸைத் திருப்பி விட்டுடுவேன்னு சொன்னேன். சொன்னது நிஜம். செய்யலை."

கேட்காமலே பதில் சொல்கிறவன் மடியில் கனம் இருக்கும் என்பது தையற்காரரின் கணக்கு. சந்தேகத்தை மெக்கானிக்கிடமிருந்து எடுத்துப் பூந்தொட்டிக்காரர்மேல் போட்டார். பிறகு பூட்டு ஞாபகம் வந்து, மனசில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். இதற்குள் அவர் கையெல்லாம் பெட்ரோல் பிசுக்கு. கழுவலாம் என்று வேனுக்குள் ஏறி, தொட்டிக்குமேல் இருந்த கைப்பம்பை அழுத்தினார். அது இரண்டு தடவை இருமியது. ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணி வரலையே," என்று குரல் கொடுத்தார்.

"வராம எப்படி?" என்றார் வெளியே நின்ற டிரைவர். "செவ்வாய்க்கிழமை காலையில நானே வழிய வழிய ஊத்தினேன். மச்சான் குழாயையும்..." பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் போலீஸ் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் டீ கொடுத்தார்கள். போகிற நடையின் வெள்ளைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு அழுக்குக் கோடு படுக்கையறைவரை போயிற்று. லைப்ரரி அம்மாள் வீட்டைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று தையற்காரர் நினைத்தார். டிரைவர் தன் டம்ளரை வைக்குமுன் இடது கையால் மேசை விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தடுமாறுகிறான், உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று தையற்காரர் அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார். வேன் உயிருக்கு உயிர் என்பவன் அதில் எதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறான் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது.

மெக்கானிக்கின் ஒர்க்ஷாப்பில் கழற்றிய டேங்க் பலகைமேல் கிடந்தது. தையற்காரர் எட்டிப் பார்த்தார். டேங்க் நிறையத் தண்ணீர்.

"சகலை, இங்க பாருங்க. இப்பவும் ஊத்தி வச்சிருக்கான்."

மெக்கானிக் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பெட்ரோல் ஆவி உள்ள இருக்கறப்ப தீ காட்டினா நானும் டேங்க்கும் சேர்ந்து கூரைக்குப் போயிடுவோம். தண்ணி நிரப்பி ஆவியை வெளியேத்திட்டுத்தான் பத்த வைப்போம். எந்த ஒர்க்ஷாப்புல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"பத்த வச்சாச்சா?" என்றார் சர்வேயர்.

"எப்பவோ. இன்னும் ஒழுகுதான்னு பார்க்கத்தான் தண்ணியை வடிக்காம வச்சிருக்கேன்."

"அன்னைக்கு வடிச்சது எப்படி?"

"பேட்டரி வயரைக் கழட்டினேன். திருகுக்குக் கீழ கேனை வச்சேன். பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கும், பாதிக் கேன்கூட வராதுன்னு நினைச்சேன். திறந்ததும் தண்ணியாக் கொட்டுது. கேன் மாத்தி மாத்திக் கை ஓஞ்சு போச்சு. கடைசியிலதான் பெட்ரோல் வந்துச்சு. தண்ணி கனம், அடியில நிக்கும்."

"அத்தான் பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தார். 'இது தண்ணி அத்தான்'னு கேனைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலை நனைச்சு மோந்து பார்த்தார். அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சார்."

"போன வாரம் வேனை இங்க ஓட்டிட்டு வந்தது அவர்தானே? திரும்ப நீங்க ஏன் கொண்டுபோய் விட்டீங்க?"

மெக்கானிக் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தான். "சும்மாதான்."

"டேங்க் தயாராயிருக்கு. கொண்டுபோய் மாட்டினா பாதிச் சண்டை தீர்ந்துடுமே."

"மாட்டமாட்டேன்."

"அப்போ தண்ணி ஊத்தினது நீங்கதானா?" என்று தையற்காரர் பாய்ந்தார்.

"அத்தான் அப்படித்தானே சொல்றார். அப்படியே இருக்கட்டும்." அவன் இடித்த புளி மாதிரி நின்றான்.

திரும்பும் வழியெல்லாம் தையற்காரர் விடவில்லை. "ஒத்துக்கிட்டான், சகலை. டேங்கைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மிரட்டறான். அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மட்டும் யோசிங்க."

சர்வேயர் அதைக் காதில் வாங்காமல் கேட்டார். "கரண்டு போனா நீங்க சட்டைக்குப் பட்டன் தைப்பீங்களா?"

"தூக்கத்துலயே தைப்பேன். மேல இருந்து எண்ணிக்கிட்டே வருவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கைக்குத் தெரியும்."

"சட்டையை யாராவது தலைகீழாக் கையில கொடுத்துட்டா?"

"எவன் கொடுப்பான் அப்படி?" என்றார் தையற்காரர். இந்த மனுஷனுக்கு எப்போது எதைக் கேட்பது என்று விவஸ்தை கிடையாது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டருகே. பூந்தொட்டிக்காரர் அழைக்காமலே மதில்மேல் ஆஜர்.

"சகலை, கண்ணை இறுக்கி மூடிக்கங்க," என்றார் சர்வேயர். "கேட்டுல இருந்து வேனைத் தடவிக்கிட்டே வாங்க. ரெண்டாவது மூடியைத் தொட்டதும் நில்லுங்க."

தையற்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணை மூடினார். பின்மூலையில் கை வைத்து நடந்தார். ஒரு மூடி தட்டுப்பட்டது. தாண்டினார். அடுத்தது தட்டுப்பட்டது. நின்றார். கண்ணைத் திறந்தபோது கை சிவப்பு மூடிமேல் இருந்தது. அந்தப் புழுதித் தடத்தின்மேலேயே தன் கையும் வந்திருப்பதைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த வேன் எப்பவும் மூக்கைக் கேட்டுப் பக்கம் வச்சுத்தான் நிக்கும்," என்றார் சர்வேயர். "தரையில இருக்கற ஆயில் கறையே சொல்லுது. அப்படி நிக்கும்போது கேட்டுல இருந்து வந்தா முதல் மூடி பெட்ரோல், ரெண்டாவது மூடி தண்ணி. போன வாரம் வேன் திரும்பி நின்னுச்சு. அதனால முதல் மூடி தண்ணி, ரெண்டாவது பெட்ரோல். செவ்வாய்க்கிழமை ஒருத்தர் குடிதண்ணி பிடிக்க ஹோஸை எடுத்துக்கிட்டு வந்தார். வேன் திரும்பினது அவருக்குத் தெரியும், சுத்திக்கிட்டுச் சரியான பக்கத்துக்குத்தான் போனார். ஆனா கை பழைய கணக்கை எண்ணிடுச்சு. முற்றம் முழுக்கப் பெட்ரோல் நெடி, அதனால மூக்கும் எச்சரிக்கலை. வழிய வழிய ஊத்தினார். வேன் குழாயில ஏன் தண்ணி வரலைன்னா, அந்தத் தண்ணி வேற டேங்க்குக்குப் போயிடுச்சு."

"சிவப்பும் நீலமும் பளிச்சுன்னு இருக்கே," என்றார் பூந்தொட்டிக்காரர் மதில்மேலிருந்து. "கண்ணு இருக்கறவன் பார்க்கமாட்டானா?"

எல்லாரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவருக்கே உறைத்து, தலையை ஒரு தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். தையற்காரருக்கு நடையில் பார்த்த அழுக்குக் கோடும், மேசை விளிம்பைத் தொட்ட கையும், காதோரம் பார்த்த பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எல்லாவற்றையும் பார்த்தும், போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, இவர் சொல்றது..."

டிரைவர் தலையைத் தூக்கவில்லை. "நடுவுல எல்லாம் மங்கிப் போச்சு. ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. ஒரு வருஷமாச்சு."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா அவர் சொல்லிடுவாரே. அப்புறம் நான் யாரு? ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். "சத்தியமா அன்னைக்கு மச்சான்தான் செஞ்சான்னு நினைச்சேன். குழாயில தண்ணி வரலைன்னு இவர் சொன்னப்பதான் சுருக்குன்னுச்சு. அதுக்கப்புறமும் வாயைத் திறக்காம இருந்தேன் பாரு, அதுதான் தப்பு."

"ஆனா உங்க மச்சானுக்குப் புதன்கிழமையே தெரியும்," என்றார் சர்வேயர். "விரலை நனைச்சு மோந்து பார்த்தீங்களே, அப்பவே. தூணுல உரசினதைப் பார்த்துத்தான் போன வாரம் உங்களை ஓட்ட விடாம அவரே கொண்டுவந்து விட்டார். சரிதானே?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னைத் திட்டினது பரவாயில்லை அத்தான். உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு நாலு பேர் முன்னால நான் எப்படிச் சொல்றது? ஆனா குழந்தையை ஏத்திக்கிட்டு ரோட்டுக்குப் போவேன்னு நின்னீங்க. டேங்க் இல்லாம வண்டி எங்க நகரும்? அதான் கொண்டு வரலை."

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?" என்றாள் அக்கா. கேட்டுவிட்டுத் தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள்.

டிரைவர் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, அழுகைச் சத்தம் வந்த திசையில் நீட்டினார். மெக்கானிக் வந்து வாங்கிக்கொண்டான்.

"பேத்திகிட்ட என்ன சொல்றது?" என்றார் டிரைவர்.

"போறோம்னு சொல்லுங்க. திங்கட்கிழமை கண் டாக்டர். அவர் விட்டதும் கிளம்பறோம், நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து எனக்கு ஓட்டவே தெரியலைன்னு திட்டிக்கிட்டு வாங்க." அவன் அடுத்த தெருவில் இருந்த ஒர்க்ஷாப்பிலிருந்து டேங்கை எடுத்துவரப் போனான்.

டீ குடித்து முடித்துவிட்டுத் தையற்காரரும் சர்வேயரும் கிளம்பத் திரும்பினார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தது தையற்காரருக்குத் தெரிந்தது. காலை பேப்பர் பிரிக்காமல் அங்கேயே கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"அப்போ இது என் குரலுக்காக இல்லை," என்றாள். கோபம் இல்லை. ஆனால் இத்தனை நாள் போட்டிருந்த நகையைக் கழற்றி வைக்கிற மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம்.

வெளியே தெருவில், டேங்கை ஏற்றிக்கொண்டு மெக்கானிக் தள்ளிவந்த தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. டேங்கை இறக்கி, அவன் வேனுக்கு அடியில் படுத்து நுழைந்தான்.

"கண்ணு போனதாலதான் கேட்க ஆரம்பிச்சேன்," என்றார் டிரைவர். "நாளைக்கே கண்ணு திரும்பி வந்தாலும் நீதான் படிக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேப்பரைப் பிரித்தாள். முதல் வரியைப் படிக்கும்போது குரல் கம்மி, பாதி வார்த்தை கேட்கவில்லை. டிரைவர் வேன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கொஞ்சம் சத்தமாப் படி. மச்சானுக்கும் கேட்கட்டும்."